மக்கீன் மார்க் சவர்க்காரம்

உக்குவளையில் பதுர்தீன் மாமாவின் வீட்டு முகப்புப் பலகைக்கு 'உற்பத்தியாளர்' என்ற சொல்லை எழுதிக் கொடுத்தவன் நான். பேராதனையில் பொருளியல் படித்து, எங்கள் பரம்பரையின் முதல் பட்டதாரியாக ஊர் திரும்பியிருந்த நேரம். மண்ணில் விளைவிப்பவன், விளைந்ததை வேறு பொருளாக்குபவன், அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவன், மூவருமே உற்பத்தியாளர்தான் என்று அவருக்கு விளக்கினேன். மூன்றாவது ஆள் அவருக்குப் பிடிக்கவில்லை.

"அடுத்தவன் செஞ்ச சாமானத்த வித்து வித்தே தல நரைச்சிட்டு, மகன். இனி நான் செய்வேன்."

இறக்குமதி நின்று அவருடைய கடைத் தட்டுகள் வெறிச்சோடிப் போயிருந்தன. வீட்டுக்குப் பின்னால் கிடாரம் வைத்துச் சவர்க்காரம் காய்ச்சத் தொடங்கினார். எண்ணெய்க்குத் தேங்காய் அவருடைய மூத்த சகோதரர் மக்கீனின் தோட்டத்திலிருந்து வந்தது. அந்த நன்றிக்கு ஒவ்வொரு கட்டியிலும் மூத்தவரின் பெயரையே அச்சாகப் பதித்தார்.

"நான் காய்க்க வெக்கிறேன், நீ நுரைக்க வை" என்று சிரித்தார் மக்கீன். "பேர மட்டும் கெடுத்துப் போடாத."

முதலில் நன்றாகவே நுரைத்தது. மாத்தளைக் கடைகளிலிருந்தும் கேட்டு வந்தார்கள். பிறகு மழை பொய்த்தது; தேங்காய் சிறுத்தது; கேட்பவர்கள் குறையவில்லை. மாமா வெள்ளைக் களிமண் கலக்கத் தொடங்கினார். முதலில் ஒரு பிடி. பிறகு பிடிக்கணக்கே இல்லை.

"கட்டி கரையாம நிக்கும், நல்லதுதானே" என்றார் மனைவி ஹமீமாவிடம்.

"கரையாம நிக்கிறது கல்லுங்க" என்றார் மாமி.

ஊரில் யாரும் குறை சொல்லவில்லை. சொந்தக்காரன் செய்த பொருளை எப்படிக் குறை சொல்வது? அவர் முகத்துக்காக வாங்கினார்கள், அதால் சைக்கிள் கழுவினார்கள். மக்கீன் மட்டும் கிணற்றடியில் எல்லோரும் பார்க்க அதையே தேய்த்துக் குளித்தார். "என்ட தம்பிட சவுக்காரம், மணத்தப் பாருங்க!" என்பார், முதுகைச் சொறிந்தபடியே.

ஒருநாள் முற்றத்தில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்த மக்கீன் அப்படியே சாய்ந்து மௌத்தாகிப் போனார்.

சேலை கட்டி மறைத்த இடத்தில் மையித்தைக் குளிப்பாட்டினோம். தண்ணீர் ஊற்றியது பதுர்தீன் மாமா. குளிப்பாட்ட வந்த பள்ளிவாசல் லெப்பை சவர்க்காரம் கேட்டபோது, மக்கீனின் மனைவி ஜுனைதா வீட்டில் இருந்ததை அனுப்பினார். இருந்தது அது ஒன்றுதான். லெப்பை தேய்த்தார், நுரை வரவில்லை. அழுத்தித் தேய்த்தார். மையித்தின் நெஞ்சில் வெள்ளைக் கோடாகச் சேறு படிந்தது.

"என்ன இது, சுண்ணாம்பு மாதிரி..." என்று தொடங்கியவர், கட்டியில் இருந்த பெயரைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்.

வெளியே யாரோ, "வேற சவுக்காரம் ஈந்தா கொண்டாங்க!" என்று குரல் கொடுத்தார்கள்.

ஓடிப்போய்க் கொண்டுவந்தார்கள். பாதி தேய்ந்த, இன்னும் ஈரம் காயாத கட்டிகள். மாமாவிடம் பெட்டியாக வாங்கும் முத்தலிபின் வீட்டிலிருந்தும் ஒன்று வந்தது. எல்லாம் வேறு வேறு மார்க்; ஒன்றிலும் மக்கீனின் பெயர் இல்லை. கடைசியாக மறைப்புச் சேலைக்கு அடியால் ஒரு கை நீண்டு, ஒரு வாசனைச் சவர்க்காரத்தை வைத்துவிட்டுப் போனது. அது ஹமீமா மாமியின் கை. அந்த வளையல்கள் மாமாவுக்குத் தெரியாதவை அல்ல.

அவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டேயிருந்தார். அடக்கம் முடிந்து திரும்பியபோது யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. வேறு சவர்க்காரம் வாங்கி ஒளித்தவர்களுக்கும் அன்றைக்கு முகம் இல்லை.

"நீயுமா?" என்று மாமியிடம் அவர் கேட்டது மட்டும் என் காதில் விழுந்தது.

"ஒங்கட மொகத்தப் பாத்துச் சொல்ல வெக்கமா இருந்திச்சு."

அதற்குப் பிறகு களிமண் சேரவில்லை. விலை ஏறியது, மாத்தளைக் கடைகள் வேறிடம் போயின, ஒரு சின்னச் சட்டி போதுமென்றாகிவிட்டது. பலகை இருந்தது, ஆனால் அதன் கீழால் போகும்போது மாமா நிலத்தைப் பார்த்தபடிதான் போவார். நானும்தான்.

ஊரில் மௌத்து என்றால் ஒரு புதுக் கட்டியை முதலில் கொண்டுபோய்க் கொடுப்பார். உள்ளே போகமாட்டார். மறைப்புக்கு வெளியே வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். லெப்பை கை துடைத்தபடி வெளியே வரும்போது மெதுவாகக் கேட்பார்.

"நுரைச்சிச்சா, லெப்பை?"

"அல்ஹம்துலில்லாஹ், பொங்கி வந்திச்சு. ஏன் முதலாளி, கட்டியில பேரக் காணல்லியே?"

மாமா சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்.