தேசிக்காயில் நின்ற பிக்கப்

என் கூட்டாளிக்கு இடது முழங்கால் மடங்காமற்போனபோது அவன் முதலில் வந்தது என்னிடந்தான். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து புங்குடுதீவுக் கடைகளுக்குச் சாமான் ஏற்றுவது அவன் சீவியம். அதற்கு ஒரு பழைய பெற்றோல் பிக்கப் வைத்திருந்தான். இருபது வருடமாக அதற்கு வைத்தியம் பார்த்தவன் நான். என் கராஜ் ஊர்காவற்றுறையில்.

"கிளச் மிதிக்க ஏலாது மச்சான். கிளச் இல்லாத ஓட்டோ கியர் ஒண்டு போட்டுத் தாவன். இல்லாட்டி வண்டியை விக்கிறதுதான்."

"ஏலாது. பழைய காபரேட்டர் எஞ்சினுக்கு அது ஒத்துவராது" என்றேன். பெரிய வைத்தியர் மாதிரித்தான் சொன்னேன். உண்மையில் நான் அப்படியொரு வேலை செய்ததேயில்லை. பிழையாய்ப் போனால் ஊர் சிரிக்கும் என்று பயம்.

அடுத்த கிழமை வண்டி காரைநகரில் இன்னொரு மெக்கானிக்கிடம் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னைவிடப் பத்து வயது இளையவன். என் வண்டியின் பொனட்டை அவன் எப்படித் திறக்கலாம்? ஆம், மனதுக்குள் அது என் வண்டிதான்.

பொறுக்கமுடியாமல் ஒருநாள் மிதவைப் பாதைப் படகில் ஏறிக் காரைநகருக்குப் போனேன். மீன் வாங்கப் போவதாக வீட்டில் சொன்னேன். கடலோரத்து ஊர்காவற்றுறைக்காரன் மீன் வாங்கக் கடல் கடக்கிறானாம்! மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு மீன் பையை எடுத்துத் தந்தாள்.

அவன் கராஜில் பிக்கப்பின் பொனட் திறந்து கிடந்தது. பழைய வான் ஒன்றின் ஓட்டோ கியர்ப்பெட்டி உள்ளே பொருந்தி உட்கார்ந்திருந்தது. கால் அக்சிலேற்றரை எவ்வளவு மிதிக்கிறது என்று கியர்ப்பெட்டிக்குச் சொல்ல, காபரேட்டரிலிருந்து ஒரு வயர் போகவேண்டும். பழைய காபரேட்டரில் அதைக் கொளுவ இடமில்லை. அவன் சைக்கிள் பிறேக்கில் ஒரு துண்டை வெட்டி, அராவி, அழகாகக் கொளுவியிருந்தான். வயிறு எரிந்தது. "பரவாயில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மீன் வாங்க மறந்துபோனேன்.

எங்கள் பக்கத்தில் வண்டிக்குப் பெரிய வேலை செய்தால் முதலில் இறங்குதுறைக்குக் கொண்டுபோய், நயினாதீவு அம்மன் இருக்கும் திசை பார்த்து நிறுத்தி, தேங்காய் உடைத்து, நாலு சில்லுக்கும் அடியில் தேசிக்காய் வைத்து, வண்டியை ஏற்றி நசிப்பார்கள். கூட்டாளி என்னையும் வரச்சொன்னான். போனேன். பார்க்காமல் இருக்கமுடியுமா?

தேங்காய் உடைந்தது. கூட்டாளி பிறேக்கை மிதித்தபடி கியரைப் போட்டான். எஞ்சின் நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்து போட்டான். மறுபடியும் நின்றது. தேசிக்காய் நசியவேயில்லை.

"அம்மாளுக்கு விருப்பமில்லைப் போல" என்றார் பின்னால் ஒருவர்.

எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. காரைநகரான் வண்டிக்கடியில் படுத்துக் கியர்ப்பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தான். பிழை அங்கே இல்லை. ஓட்டோ கியர், பிறேக்கில் நிற்கும்போதும் எஞ்சினை இழுத்துக்கொண்டிருக்கும். காபரேட்டரோ பழைய கணக்கிலேயே சிக்கனமாகப் பெற்றோல் ஊட்டிக்கொண்டிருந்தது. ஒரு திருகாணியை அரைச் சுற்றுத் திருப்பினால் சரி. தெரிந்தும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் கூட்டாளியின் காலைப் பார்த்தேன். பதற்றத்தில் அந்த மடங்காத இடது கால், இல்லாத கிளச்சைத் தேடிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்தபிறகு நிற்க முடியவில்லை. சேர்ட் பையில் எப்போதும் கிடக்கும் திருப்புளியை எடுத்துப் பொனட்டைத் திறந்தேன். காரைநகரான் வெளியே வந்ததும், கூட்டாளியை ஸ்டார்ட் செய்து கியரைப் போடச் சொல்லி, எஞ்சின் அணையப்போன நேரம் திருகாணியைத் திருப்பினேன். எஞ்சின் அணையாமல் பிடித்துக்கொண்டது. பொனட்டை மூடி ஒதுங்கினேன். அவன் பிறேக்கை விட்டதும் நாலு தேசிக்காயும் நசிந்தன. கூட்டாளி அழுதுவிட்டான்.

காரைநகரான் கையைத் துடைத்தபடி என்னிடம் வந்தான். "முதலே உங்களிட்டைக் கேட்டிருக்கலாம் அண்ணை. ஓட்டோ கியருக்கு மாத்தினதிலை எனக்கு இதுதான் முதல் வண்டி."

"அப்ப என்னெண்டு ஓம் எண்டு சொன்னனீர்?"

"தனக்கு வேற வழியில்லை எண்டார் அவர். நான் பாப்பம் எண்டு சொன்னனான்."

வீட்டுக்குத் திரும்பும்போது என் பொறாமை குறைந்திருக்கவேண்டும். கூடித்தான் இருந்தது. அவன் வேலை தெரிந்தவன் என்று எரிந்தவரை ஒரு ஆறுதல் இருந்தது; வேலையை நானும் பழகிக்கொள்ளலாம். அவனுக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரியாமலே என் கூட்டாளிக்குப் "பாப்பம்" என்று சொல்லியிருக்கிறான். இருபது வருடக் கூட்டாளி நான் சொன்னது "ஏலாது."