நாங்கள் பேசிக்கொள்ளாத நாட்களின் ஜெபம்

எங்கள் வீட்டில் மாலை ஜெபம் தவறுவதில்லை. நான் மருந்துக் கடையில் வேலை முடிந்து வந்து, குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு உட்காருவேன். ஏசி ரிப்பேர் வேலைக்குப் போகும் என் கணவர் அதற்குள் குளித்துவிட்டு வேதத்தைத் திறந்து வைத்திருப்பார். ஒருநாள் அவர் ஜெபம் செய்தால் மறுநாள் நான். இருவருமே “ஆண்டவரே, நீர் எங்கள் நடுவில் இருக்கிறீர்” என்றுதான் தொடங்குவோம். யார் அப்படி ஆரம்பித்து வைத்தது என்று நினைவில்லை. பழகிப்போன வாக்கியம். குக்கர் விசிலில் ஒரு காதை வைத்துக்கொண்டே அதைச் சொல்லிவிடலாம்.

காரைக்குடியில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்கார ஆச்சி தனியாக இருக்கிறார். எங்கள் ஒரே மகள் மதுரையில் நர்ஸ். சென்ற ஆண்டு ஒருநாள் போனில் பேசும்போது, “குவைத்து ஆஸ்பத்திரி வேலைக்கு எப்பக் கெளம்பணும்னு இன்னும் தெரியலம்மா” என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “எந்தக் குவைத்து?”

“அப்பா சொல்லலையா? அப்பாதான் போகலாம்னு சொன்னாக.”

அவர் வந்ததும் கேட்டேன். “சொல்லணும்னுதான் இருந்தேன்” என்றார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பேச்சு நின்றுபோனது. சாப்பாடு போடுவேன், சாப்பிடுவார். ஜெப நேரத்தில் அவர் வேதம் வாசிப்பார். பிறகு ஆளுக்கொரு பக்கம் கண்ணை மூடி, வாய்க்குள்ளேயே ஜெபித்துவிட்டு எழுந்துவிடுவோம்.

அந்த நாட்களில் நான் ஆண்டவரிடம் பேசவில்லை என்று சொல்ல முடியாது. முன்பைவிட அதிகமாகவே பேசினேன். தாளிக்கும்போதும், டவுன் பஸ்ஸில் போகும்போதும், கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதும் முறையிட்டுக்கொண்டே இருந்தேன். பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா, நீரே சொல்லும் என்பேன். ஆண்டவர் என் பக்கத்தில் இருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் கணவர் பக்கத்திலும் இருப்பார் என்பது மட்டும் தோன்றவேயில்லை.

ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும். ஜெபத்துக்கு உட்காரும் நேரத்தில் ஆச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். அவர் மாடிக்கு வருவதே அபூர்வம். நாற்காலியை எடுத்துப் போட்டேன்.

“நாளைக்கு மதுரையில கண்ணு ஆப்பரேசன். பிள்ளையார்பட்டிக்குப் போயிக் கும்பிட்டுட்டு வந்துட்டேன். ஒங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிருங்க” என்றார். பிறகு, “தெனமும் ஜெபம் பண்ணுற சத்தம் கீழ கேக்கும். இப்பக் கொஞ்ச நாளாக் கேக்கலையே. ஊருக்குப் போயிட்டீகளோன்னு பார்த்தா, வண்டியும் நிக்கிது, ரெண்டு பேரும் இருக்கீக” என்றார்.

“பண்ணுவோம் ஆச்சி” என்று சொல்லிவிட்டு என் கணவர் கண்ணை மூடினார்.

“ஆண்டவரே, நீர் எங்கள் நடுவில் இருக்கிறீர்.”

வழக்கமான அடுத்த வரி வரவில்லை. ஆச்சி முன்னால் தடுமாறுகிறார் என்று நினைத்தேன். என் கணவரோ வேறொன்றைச் சொல்லத் தொடங்கினார்.

“இவளுக்குத் தெரியாம பிள்ளைக்குச் சம்மதம் சொல்லிட்டேன் ஆண்டவரே. இவகிட்டச் சொன்னா வேணாம்னு சொல்லிருவா, பிள்ளை ஆசைப்பட்டது நடக்காதுன்னு பயந்துட்டேன். அப்புறம் வாயைத் தெறக்கவும் பயந்துட்டேன். நீங்க பாத்துக்கிட்டுத்தான் இருந்தீக.”

வழக்கமான ஜெபத் தமிழ் அவருக்கு மறந்துபோயிருந்தது. பிறகு ஆச்சியின் கண்ணுக்காகவும் ஆப்பரேசன் செய்யும் டாக்டரின் கைக்காகவும் வேண்டி, ஆமென் என்றார்.

ஆச்சி எழுந்தார். கையைப் பிடித்துப் படியில் இறக்கிவிட்டேன். பாதிப் படியில் நின்று, “எங்க வீட்டுக்காரக இருந்த வரைக்கும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லம்மா. சாமிகிட்டயும் சரி, எங்கிட்டயும் சரி” என்றார்.

மேலே வந்தபோது என் கணவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

“எங்கிட்டக் கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்” என்றேன்.

“தெரியும்.”

“இப்பவும் அதைத்தான் சொல்லுவேன்.”

“சொல்லு. கேக்குறேன்.”

ஆண்டவரிடம் மட்டுமே சொல்லி வந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். சண்டைதான் அது. ஆனாலும் அவர் எழுந்து போகவில்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. நான் முறையிட்ட அதே நாட்களில் இந்த மனிதரும் எனக்கு எதிரே கண்ணை மூடி, தன் பயத்தை ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். கடவுள் கூடவே இருக்கிறார் என்று நான் நினைத்திருந்தது உண்மைதான். ஆனால் வழக்குக்கு வக்கீல் பிடிப்பதுபோல அவரைப் பிடித்து வைத்திருந்தேன். அவரோ எங்கள் இருவரையும் ஒரே அறையில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றே நான் சம்மதித்துவிடவில்லை. மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, ஆராதனை முடிந்து சாப்பிட்டபின் என்னோடு உட்கார்ந்து நெடுநேரம் பேசினாள். போகிற ஆசை அவள் முகத்திலேயே தெரிந்தது. சரி என்றேன். மனம் முழுதாக ஒப்பவில்லை. ஆச்சிக்குக் கண் நன்றாகிவிட்டது. மகள் கிளம்பும்போது கீழே நின்று கையசைத்தார்.

திருச்சியில் அவளை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்புகையில் பஸ்ஸிலேயே அழுதேன். அழாதே என்று என் கணவர் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புதுக்கோட்டையில் இறங்கி எனக்கு டீ வாங்கி வந்தார். அந்த வழி முழுக்க நான் ஆண்டவரிடம் எதுவும் கேட்கவில்லை. யார் பக்கம் நியாயம் என்று சொல்லச் சொல்லவுமில்லை. எங்களோடு அவரும் அந்தப் பஸ்ஸில் வருகிறார் என்ற நினைவே போதுமாக இருந்தது.