சுவரில் வழுக்கிய பாசி

அப்பாவின் பழைய கோப்பில் ஒரு புகார்க் கடிதத்தின் வரைவு இருக்கிறது. மாதம் ஆகஸ்ட், நாளும் வருடமும் குண்டூசித் துருவில் அழிந்துவிட்டன. குடியிருப்புப் பராமரிப்பு அலுவலகத்துக்கு இந்தியில் எழுதியது. சாரம் இதுதான்: படிக்கட்டுச் சுவரில் பாசி படர்ந்திருக்கிறது, என் மனைவி வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துத் தரவும்.

சுவரில் நடந்துபோய் வழுக்கி விழுந்தவர் உலகத்திலேயே என் அம்மா ஒருவர்தான்.

தலைநகரில், ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் எங்களுடையது கீழ்வீடு. மாடிவீட்டு அங்கிளின் கூலர் கோடை முழுக்கப் படிக்கட்டில் ஒழுகும். அந்த ஈரத்தில் படிகள்மேல் கொழகொழவென்று பச்சையாக ஒன்று படிந்திருந்தது. மொட்டைமாடிக்குத் துணி உலர்த்தப் போன அம்மா வழுக்கியது அதில்தான்.

சுவரில் இருந்தது வேறு. எனக்கு அப்போது ஒன்பது வயது. அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு செடியும் அரிசி மணியைவிடக் குட்டை. செங்கல்லில் ஒன்றுகூட இல்லை. செங்கற்களுக்கு நடுவே பூசிய சுண்ணாம்புக் காரையில் மட்டும் பச்சைக் கோடுகளாக ஓடியது. காய்ந்தால் இலைகள் உள்ளே சுருண்டு பழுப்பாகும். பள்ளித் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே குட்டி நட்சத்திரங்களாக விரியும்.

இரண்டுக்கும் தமிழில் பாசி என்றே பெயர். இந்தியிலும் காயி என்ற ஒரே சொல். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு குற்றம் தரையிலிருந்து சுவருக்கு ஏறிவிட்டது.

“அப்பா, வழுக்கினது தரைதானே? இதத் தொட்டுப் பாருங்க, வழுக்கவே இல்ல.”

“எல்லாம் பாசிதான். சுண்ணாம்பு அடிச்சா செத்துடும்.”

“அது சுண்ணாம்புலதான்பா வளருது!”

“அச்சா, சயின்டிஸ்ட் மேடம். போய் ஹோம்வர்க் எழுதுங்க.”

மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மாவிடம் போனேன். “நீயாவது சொல்லேன்மா.”

“மேல இருக்கறவங்கள நாம என்னடி சொல்ல முடியும்?”

மலை மந்திர் கோவில் முருகனைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை குன்றேறி, கூலர் விஷயத்தை அவரிடமே புகார் செய்தேன்.

வெள்ளையடிக்க வந்தவர் “ஹட்டோ பேட்டா” என்று என்னை விலக்கி, கம்பி பிரஷ்ஷால் காரையைச் சுரண்டினார். அரை மணியில் சுவர் வெள்ளை. புதுச் சுண்ணாம்பின் காரத்தில் மிச்சமிருந்ததும் கருகியது. அப்பா சொன்னதும் சரி என்று பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. பல வருடம் மழை பட்டு ஆறிய சுண்ணாம்புதான் அதற்கு வீடு. கூலர் மட்டும் நிற்காமல் ஒழுகியது. அம்மா நல்ல கையால் அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்கை வெள்ளையாக, ஒவ்வொரு படியாக ஏறினாள்.

அப்பா ஓய்வுபெற்ற பிறகு, அதே நகரத்தின் துவாரகா பகுதியில் இருந்த வீட்டில் அவருடைய கோப்புகளைத் தேதிவாரியாக அடுக்கும்போதுதான் கவனித்தேன். அந்த வருடங்களில் அப்பாவுக்கு வந்த அலுவலக ஆணைகள் அத்தனையிலும் கையெழுத்து மாடிவீட்டு அங்கிளுடையது. அம்மா சொன்ன “மேல” எதுவென்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

புகார் வரைவை மறுபடி எடுத்தேன். அதில் முதலில் இந்தியில் ‘தரை’ என்றுதான் எழுதியிருக்கிறது. அதை அடித்து, மேலே வேறு மையில் ‘சுவர்’ என்று திருத்தியிருக்கிறார்கள். திருத்திய கை அப்பாவுடையதா, அவருடைய அதிகாரியுடையதா என்பதை இதுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.