தலைக்கு வைத்த முறுக்கு எண்ணெய்

பத்து வயதில் நான் சரியான பிடிவாதக்காரி. இப்போதும் ஒன்றும் குறைந்துவிடவில்லை என்பார் என் கணவர், அது வேறு கதை. வாசலில் ஓடும் வடிகால் நீர்த்தேக்கத்தில் போய்ச் சேர்கிறது, அதைத்தான் சுத்தம் செய்து குடிக்கிறோம் என்று அந்த வருடம் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். அன்றோடு வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி போயிற்று. சோப்புப் போட்டுக் காரைக் கழுவிய அப்பாவிடமிருந்து வாளியைப் பிடுங்கினேன். செடித்தொட்டி மண்ணை யாரையும் வெளியே கூட்டித்தள்ள விடவில்லை.

குவீன்ஸ்டவுனில் எங்களுடையது தரைத்தள வீடு. தீபாவளிக்கு முறுக்குச் சுட்டு மிஞ்சும் எண்ணெயை அம்மா பின்பக்க வடிகாலில், அதாவது லோங்காங்கில், ஊற்றுவது வழக்கம். அந்த முறை நானே ஊற்றிவிட்டதாகப் பொய் சொல்லி, ஆறிய எண்ணெயைக் காலி நல்லெண்ணெய்ப் பாட்டிலில் நிரப்பினேன். மற்ற பாட்டில்களோடு வைத்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? பண்டிகை முடிந்ததும் பழைய எண்ணெய் சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடலாம் என்பது என் திட்டம்.

மறுநாள் விடியற்காலையில் எண்ணெய்க் குளியல். ஊரிலிருந்து வேலைக்கு வந்து தொழிலாளர் விடுதியில் தங்கியிருந்த மாமாவும் வந்திருந்தார். தன் தம்பியான அவரை முக்காலியில் உட்காரவைத்து அம்மா உச்சந்தலையில் எண்ணெய் வைத்தார். கைக்கு அகப்பட்டது என் பாட்டில். ஓமமும் எள்ளும் கமகமவென்று மணத்தன. காதோரம் வழிந்ததைத் தொட்டு நாக்கில் வைத்த மாமா, உப்பு சரியாக இருக்கிறது என்றார்.

அம்மாவுக்கு வந்ததே கோபம். நல்ல நாளும் அதுவுமாக இப்படியா என்று பாட்டிலோடு பின்கதவுக்குப் போனார். நான் ஓடிப்போய்க் கதவை மறித்து நின்றேன். முதுகில் ஒன்று விழுந்தது. அழுதேனே தவிர, நகரவில்லை.

எண்ணெய் சொட்டச் சொட்ட மாமா எழுந்து வந்தார்.

“பாப்பா சொல்றது சரிதான்க்கா. லோங்காங்ல ஊத்துனா கட்டியா ஒட்டிக்கும். சொரண்டிச் சொரண்டி கை மரத்துப்போயிரும். குடு, நானே கொண்டுபோய்க் குடுத்துர்றேன்.”

அம்மா அவரையே பார்த்தார். அவருடைய உள்ளங்கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு சீயக்காய் எடுத்துவந்து, மாமாவின் தலையை வெகுநேரம் தேய்த்துக் கழுவிவிட்டார். அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன. சீயக்காய் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனியில் வேலை என்றுதான் மாமா எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார். என் பள்ளிப் பாடம் அவருக்கும் தெரிந்திருக்கிறதே என்று அன்று முழுக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை அவர் எங்கே இறங்கிப் படித்தார் என்று கேட்கத் தோன்றவே இல்லை.