உபரி நீரும் அத்தையின் பரங்கிக்காய்களும்

போண்டா சுற்றி வந்த செய்தித்தாளுக்கு ஒரு வாசனை உண்டு. எண்ணெயும் அச்சு மையும் மிளகும் கலந்து, ஆறிய பிறகு லேசாகக் காறல் அடிக்கும் வாசனை. எனக்கு இன்றைக்கும் அதுதான் படிப்பின் வாசனை. புதுப் புத்தகத்தை முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மூடிக்கொள்ளட்டும். நான் படித்த ஐந்தாம் வகுப்பு முழுக்க எண்ணெய்ப் பிசுக்கில்தான் ஓடியது.

குமராட்சிக்கு அந்தப் பக்கம், கொள்ளிடக் கரையை ஒட்டிய ஊர் எங்களுடையது. பள்ளிக்கூடத்தில் இரண்டு அறை, இரண்டு வாத்தியார், ஒரே ஒரு அகராதி. அந்த அகராதியை யாரும் திறந்து பார்த்ததில்லை, ஏனென்றால் கால் உடைந்த இரும்பு பீரோவுக்கு அதைத்தான் முட்டுக் கொடுத்திருந்தார்கள். அதை உருவினால் பீரோ சாயும், பீரோ சாய்ந்தால் அதன் மேலிருக்கும் உலக உருண்டை யார் தலையிலாவது விழும். ஆகவே தெரியாத சொல்லுக்குப் பொருள் வேண்டுமென்றால் வேறு வழிதான் பார்க்கவேண்டியிருந்தது.

வழி கண்டுபிடித்தவர் எங்கள் வகுப்பு சார். கடலூர்க்காரர். விடியற்காலையில் ரயில் பிடித்துச் சிதம்பரம் வந்து, அங்கிருந்து மினி பஸ்ஸில் கோழிக்கூடைகளுக்கு நடுவில் நின்றபடி வந்து சேர்வார். வந்து சேரும்போதே பாதி உயிர் போயிருக்கும். அந்த வருஷம் அவருக்குப் பெண் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருவந்திபுரத்தில் ஒரு வீடு, லால்பேட்டைப் பக்கம் ஒரு வீடு என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் அலைந்துவிட்டு வருகிறவருக்குத் திங்கட்கிழமை பாடத்திலும் அதே ஞாபகம்தான்.

"தெரியாத சொல் வந்தா முழிக்காதீங்கடா. பொண்ணு எப்படின்னு பொண்ணு வூட்டுலயே கேட்டா சொல்லுவாங்களா? அக்கம்பக்கத்துலதான விசாரிக்கணும். அது மாதிரி, இந்தப் பக்கம் இருக்கிற சொல்ல கேளு, அந்தப் பக்கம் இருக்கிற சொல்ல கேளு" என்றார். விசாரித்து முடித்ததும் நமக்குத் தெரிந்த சொல் ஒன்றை அந்த இடத்தில் உட்கார வைத்து வாக்கியத்தைப் படித்துப் பார்க்கவேண்டும். வாக்கியம் "நொண்டாமல்" நடந்தால் பொருள் சரி. நொண்டினால் வேறு சொல் தேடவேண்டும். இவ்வளவுதான் சட்டம்.

பாடப் புத்தகத்துச் சொற்கள் ஆனி மாதத்துக்குள் தீர்ந்துவிட்டதால், ஆளுக்கொரு "போண்டாப் பேப்பர்" கொண்டுவரச் சொன்னார். கதை, பாட்டு எதுவும் கிடையாது, எல்லாம் உலகத்தில் உண்மையாக நடந்த சமாச்சாரம். ஆனால் பாதிக்குமேல் இருக்காது. டீக்கடைக்காரர் கிழித்த இடத்தில் செய்தியும் கிழிந்திருக்கும். ஒரு நாள் எனக்குக் கிடைத்த துண்டில் "பிரபல வியாபாரி தலைமறைவு, போலீசார் வலைவீசித் தேடுகின்றனர்" என்று இருந்தது. ஆற்றங்கரைப் பிள்ளைகளுக்கு இதில் என்ன சந்தேகம் வரும்? தலை மறைந்துவிட்டது, வலை போட்டுத் தேடுகிறார்கள், ஆள் ஆற்றோடு போய்விட்டான் என்று வகுப்பே ஒருமனதாக முடிவுசெய்து, எழுந்து நின்று இரண்டு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்தியது. நாற்காலியில் கண்ணயர்ந்திருந்த சாரும் எல்லோரும் நிற்பதைப் பார்த்துப் பதறி எழுந்து எங்களோடு நின்றார். யாருக்கு என்று பிறகுதான் கேட்டார்.

நான்தான் வகுப்பில் முந்திரிக்கொட்டை. சார் சொல்லை முடிப்பதற்குள் என் பொருள் தயாராக இருக்கும். "மழை காரணமாக ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது" என்ற வரிக்கு, மழை என்றால் நனையத்தானே செய்யும் என்று, "மழை காரணமாக ஆட்டம் நனைந்தது" என்றேன். வாக்கியம் ஜோராக நடந்தது. சாரும் தலையாட்டிவிட்டார். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஸ்டெல்லா எழுந்தாள். சர்ச்சுத் தெரு தையல்காரர் மகள். மூன்று முறை அளக்காமல் துணியில் கத்தரியை வைக்காத மனுஷனுக்குப் பிறந்தவள். ஒரு துண்டுத் தாளைப் படிக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆகும், அடியில் அச்சகத்தின் பெயர் இருந்தால் அதையும் படித்துவிட்டுத்தான் நிமிர்வாள்.

"சார், எம் பேப்பர்ல ஜட்ஜு வரலன்னு கேசை ஒத்திவச்சிருக்காங்க. ஜட்ஜு வரலன்னா கேசு ஏன் சார் நனையும்?" என்றாள்.

வகுப்பு சிரித்த சிரிப்பில் எனக்குக் காது சூடாகிவிட்டது. அன்றிலிருந்து எனக்கு அவளைக் கண்டால் ஆகாது. சார் மட்டும் அவளை "மாட்டு வண்டி" என்றும் என்னை "எக்ஸ்பிரஸ்" என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்ததால் என் மானம் ஒருவாறு பிழைத்தது.

இதற்குள் தெருவில் என் பெயர் பரவிவிட்டது. உர மூட்டை, மருந்து அட்டை, கல்யாணப் பத்திரிகை, எது வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் முதல் ஆள் எங்கள் அத்தை, அப்பாவின் அக்கா. அத்தைக்கு எழுத்து தெரியாது, ஆனால் எழுத்து தெரிந்தவர்களை அதட்டத் தெரியும். கொள்ளிடத்தின் உட்கரையில் வண்டல் படிந்த மண்ணைப் "படுகை" என்போம். அந்தப் படுகையில் அத்தை அந்த வருஷம் பரங்கி போட்டிருந்தார். மாமா போன பிறகு தனியாளாகக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த கொடி. கொடிக்கு ஒரு பிள்ளை உட்கார்ந்திருப்பதுபோல் மஞ்சள் மஞ்சளாகக் காய்கள். அதை விற்றுத்தான் அத்தை மகள் கோமதி அக்காவைச் சிதம்பரத்தில் காலேஜில் சேர்க்கவேண்டும் என்பது தெருவுக்கே தெரியும். எங்கள் வீட்டில் அதுவரை காலேஜ் வாசலை மிதித்தவர்கள் யாரும் இல்லை.

ஆடிப் பதினெட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ரேஷன் கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். வழக்கமாகத் தண்டோரா போட்டுச் சொல்வார்கள். அந்த வாரம் தண்டோராக்காரர் காய்ச்சலில் படுத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த என்னை அத்தை கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சுவருக்கு முன்னால் நிறுத்தினார்.

"என்னாடி போட்டிருக்கு, படி."

"மேட்டூர் அணை நிரம்பியதைத் தொடர்ந்து கொள்ளிடத்தில் நாளை உபரி நீர் வந்து சேரும்" என்பது முதல் வரி. உபரி என்ற சொல்லை நான் அதற்கு முன் கண்டதில்லை. அதனாலென்ன, விசாரித்தேன். இந்தப் பக்கம் அணை நிரம்பியிருக்கிறது, நல்ல செய்தி. அந்தப் பக்கம் நீர் வருகிறது, அதுவும் நல்ல செய்தி. நடப்பது ஆடி மாதம். "புது" என்ற சொல்லைத் தூக்கி அந்த இடத்தில் வைத்தேன். கொள்ளிடத்தில் புது நீர் வந்து சேரும். வாக்கியம் நொண்டவே இல்லை, ஓடியது.

"புதுத்தண்ணி வருது அத்தை. நாளைக்கே வருதாம்" என்றேன். கீழே இன்னும் ஏழெட்டு வரி இருந்தது. எக்ஸ்பிரஸ் சின்ன ஸ்டேஷனில் நிற்குமா?

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா இந்த வருசம் முன்னாடியே வர்றாளா. அப்படின்னா காயில இன்னைக்குக் கை வைக்கக் கூடாது. நாளைக்குக் காலையில படுகையிலயே அவளுக்குப் படைச்சிட்டு, மொதக் காய தண்ணியில வுட்டுட்டு, அப்புறந்தான் அறுக்கணும்" என்றார். அறுப்புக்குச் சொல்லி வைத்திருந்த ஆட்களைத் திருப்பி அனுப்பினார். அரை மணி நேரத்தில் தெருப் பெண்கள் முழுக்கக் காப்பரிசிக்கு அரிசி ஊறப்போட்டார்கள்; யாரோ மஞ்சள் கயிறு வாங்கப் பஸ் ஏறினார்கள். உலகத்தில் வேறு எந்த ஊராவது வெள்ள எச்சரிக்கையைப் படித்துவிட்டு வெல்லம் இடித்திருக்குமா என்று தெரியவில்லை. நாங்கள் இடித்தோம், நானே ஒரு உலக்கை போட்டேன்.

பொழுது சாய்வதற்கு முன்னால் ஸ்டெல்லா எங்கள் வீட்டு வேலிக்கு வந்து நின்றாள். மண்ணெண்ணெய் வாங்க வரிசையில் நின்ற நேரம் முழுவதும் அந்தச் சுவரைத்தான் படித்திருக்கிறாள்.

"உபரின்னா என்னான்னு எனக்குத் தெரியல" என்றாள். "ஆனா கீழ, ஆடு மாட்டயெல்லாம் மேட்டுக்கு ஓட்டணும், படுகையில யாரும் தங்கக் கூடாது, ஜனங்க இஸ்கூல்ல வந்து இருக்கலாம்னு போட்டிருக்கு. புதுத்தண்ணிக்கு யாராச்சும் ஆட்ட இஸ்கூலுக்கு ஓட்டுவாங்களா?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது, போடி" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு, அவள் தலை மறைந்ததும் ரேஷன் கடைக்கு ஓடினேன். சுவரில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஆடு இருந்தது, மாடு இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, "உயிர்ச்சேதம்" என்ற சொல்லும் இருந்தது. அதற்கு யாரையும் விசாரிக்கத் தேவைப்படவில்லை. அணை கொள்ளாமல் மிச்சமாகிப்போன தண்ணீர் நம்மை நோக்கி வருகிறது என்று அப்போதுதான் புரிந்தது. அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் எழுந்தேன்.

அத்தை காப்பரிசியில் வெல்லம் கலந்துகொண்டிருந்தார். நான் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தபோது கை அப்படியே பாத்திரத்தில் நின்றது.

"அடிப்பாவி. எம் பொண்ணு வாழ்க்கையே அந்த மண்ணுல கெடக்குதுடி" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அதைச் சத்தமில்லாமல் சொன்னார். பிறகு எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "யார்டி சொன்னா ஒனக்கு?" என்று கேட்டார்.

"நானேதான் திரும்பப் போயி படிச்சேன் அத்தை" என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, யோசித்துப் பாருங்கள். பொய் சொல்லாமலே பொய் சொல்ல எனக்குப் பத்து வயதிலேயே வந்திருக்கிறது.

இருட்டுவதற்குள் தெருவே படுகையில் இறங்கியது. அறுக்க நேரமில்லை, கொடியோடு பிய்த்து, கோணியிலும் கூடையிலும் வேட்டியிலும் கட்டித் தூக்கினோம். படைக்கக் கலந்த காப்பரிசியை வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டே காய் சுமந்தார்கள். கரையில் நின்ற ஸ்டெல்லா ஒவ்வொரு காயாக வாங்கிப் பள்ளிக்கூடத்தில் அடுக்கினாள். என்னைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை. விடிந்து பார்த்தபோது படுகை இருந்த இடத்தில் காவி நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, விட்டுப்போன பத்துப் பதினைந்து காய்கள் கடலைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தன.

மினி பஸ்ஸில் வந்து இறங்கிய சார் வகுப்புக்குள் நுழைந்து அப்படியே நின்றுவிட்டார். அவர் நாற்காலியில் பரங்கிக்காய், மேஜையில் பரங்கிக்காய், முதல் வரிசையில் ஆடுகள். அத்தை நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். என்னைக் காட்டி, "இது தப்பாத்தான் படிச்சிது, ஆனா திரும்பப் போயி சரியா படிச்சிதே, அதுக்கு ஒரு ரோசம் வேணும் சார்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அத்தை சாரைப் பார்த்து, "நீங்கதான் அக்கம்பக்கம் விசாரின்னு சொல்லிக் குடுத்தீங்களாமே. பக்கத்து ரெண்டு வூட்ட மட்டும் கேட்டுட்டா பொண்ணு குடுப்பாங்க? தெருக்கோடி வரைக்கும் கேக்க வாணாம்?" என்றார். அன்று மத்தியானம் சார் தூங்கவே இல்லை.

கோமதி அக்கா காலேஜில் சேர்ந்தாள். இருப்பதிலேயே பெரிய காயை அத்தை எனக்கென்று கொடுத்தனுப்பினார். கூட்டு, பொரியல், புளிக்குழம்பு, பாயசம் என்று ஒரு வாரம் அதையே தின்றோம். ஸ்டெல்லா வீட்டுக்கு ஒன்றும் போகவில்லை, நானும் சொல்லவில்லை. அவளுக்குப் பரங்கிக்காயே பிடிக்காது என்று நானாகவே ஒரு பொருள் கற்பித்துக்கொண்டேன், அது எனக்கு நொண்டாமல் நடந்தது.

இப்போது படுகையில் பரங்கி போடுவாரில்லை. மிச்சமிருந்த மண்ணை ஆறு ஒவ்வொரு வருஷமாகக் கொண்டுபோய்விட்டது. போண்டா அச்சில்லாத வெள்ளைத் தாளில் வருகிறது, படிக்க ஒன்றுமில்லை. தெரியாத சொல்லை என் மகன் செல்போனில் அழுத்துகிறான், பொருள் வந்துவிடுகிறது; மேலே கீழே என்ன எழுதியிருக்கிறது என்று அவன் பார்ப்பதே இல்லை. நான் ஏதாவது சொல்லப் போனால், "வந்துடுச்சிம்மா" என்கிறான்.

போன தை மாதம் அத்தை இறந்துபோனார். கடலூரில் நர்ஸாக இருக்கும் ஸ்டெல்லா மாலையோடு வந்திருந்தாள். கோமதி அக்கா, அவள் இப்போது தலைமையாசிரியை, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடி ஸ்டெல்லாவிடம், "இவ மட்டும் அன்னைக்கு அந்த நோட்டீஸ படிக்கலன்னா நான் இன்னைக்கு நாத்து நட்டுக்கிட்டு இருப்பேன். அம்மா சாவுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சி" என்றாள். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"ஆமாக்கா, அவதான் எப்பவும் வேகமா படிப்பா" என்றாள் ஸ்டெல்லா.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. நாற்பதைத் தாண்டிய பிறகும் வராத தைரியம் இனிமேல் எங்கே வரப்போகிறது? அதனால்தான் இதை எழுதிக் கோமதி அக்காவுக்கும் ஒரு பிரதி அனுப்பப் போகிறேன். தலைமையாசிரியை, கடைசி வரி வரைக்கும் படித்துவிடுவாள். அக்கா, அந்த நோட்டீஸைப் படித்தது ஸ்டெல்லா.