திரையிலிருந்து இறங்காத மயில்

புது மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டது நான்தான். யாரும் கேட்கவில்லை. ஐம்பது வயதில் சிலருக்கு மாரத்தான் ஆசை வரும். எனக்கு இது வந்தது.

மனைவி எம்ப்ராய்டரி மிஷினில் கல்யாண ரவிக்கைகளுக்குப் பூவேலை செய்கிறாள். அந்த மிஷினை ஓட்டும் மென்பொருள் பழைய விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பது எனக்கு நினைவு வந்தபோது, பூந்தமல்லியில் மறுநாள் முகூர்த்தம். ரவிக்கையின் முதுகில் மயில் இன்னும் ஏறவில்லை. அன்று மாலை நான்கு மணிக்குக் கல்யாணப் பெண்ணின் அம்மா வாங்கிப்போக வருவார்.

கம்பாட்டிபிலிட்டி லேயர் ஒன்றை நிறுவினேன். அது விண்டோஸ் இல்லை. மென்பொருள் விண்டோஸிடம் கேட்பதையெல்லாம் லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும் இடையாள், அவ்வளவுதான். மென்பொருள் திறந்துகொண்டது. திரையில் மயில் தோகை விரித்தது. நான் உடனே பெண்ணின் அம்மாவை போனில் கூப்பிட்டு, "மயில் ரெடி" என்று சொல்லிவிட்டேன்.

மிஷின் அசையவில்லை.

"என்னங்க, அந்தப் பொண்ணு லேப்டாப்பை முதுகுல கட்டிக்கிட்டா மணமேடைக்குப் போவா?" என்றாள் மனைவி.

கோவில்பதாகையிலிருந்து மிஷின் மெக்கானிக் வந்தார். திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, இது பேச்சத்தான் மாத்திச் சொல்லும். மிஷினாண்ட பேச டிரைவர்னு தனியா ஒரு புரோகிராம் வோணும்ல? அது விண்டோஸோட அடிவயித்துல குந்திகினு வேல செய்யும். இங்க விண்டோஸே இல்ல, எங்க போய் குந்தும்?"

அவர் வர்ச்சுவல் மெஷின் ஒன்றை அமைத்தார். என் கணினியின் நினைவகத்தில் கொஞ்சம், ஹார்ட் டிஸ்கில் கொஞ்சம் ஒதுக்கி, வெறும் மென்பொருளாலேயே இன்னொரு கணினி. அதற்குள் பழைய விண்டோஸ் முழுதாகக் கண்விழித்தது. நான் ஒரு சின்னச் சட்டகத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தது அதற்குத் தெரியாது. தன்னை நிஜமான பெட்டி என்றே நம்பி, இன்று என்ன தேதி என்று கம்பீரமாகக் கேட்டது. எனக்குப் புல்லரித்தது. எம்ப்ராய்டரி மிஷினின் கேபிளை அவர் அதன் பொறுப்பில் விட்டார். எங்குமே இல்லாத ஒரு கணினி, என் மேஜையில் கிடந்த கம்பியைக் கண்டுகொண்டது!

ஊசி இறங்கியது. நீலம், பச்சை, நடுவே தங்கம். நான் வாயைப் பிளந்தபடி குனிந்தேன்.

"அண்ணாத்தே, வாய மூடு. நூலு சிக்கிக்கப் போவுது."

நான்கு மணிக்கு வந்த பெண்ணின் அம்மா, "ரெடின்னு காலையிலயே சொன்னீங்களே?" என்றார்.

"கண்ணு மட்டும்தான் பாக்கி," என்றாள் மனைவி, என்னைப் பார்க்காமல்.

அந்த அம்மாவும் பையைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்து நின்றார். கடைசித் தையல் விழுந்தது. மயில் எங்களைப் பார்த்தது.