குருபரப்பள்ளியில் திரும்பாத கார்

புதன்கிழமை காலை 7.10-க்கு மூக்கண்டப்பள்ளியிலிருந்து கிளம்பினோம், நானும் என் மனைவி மல்லிகாவும். போகவேண்டிய இடம் வேப்பனப்பள்ளியைத் தாண்டி நான்கு கிலோமீட்டரில் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம். மொத்தம் ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். ஓசூரில் குடியிருப்பவனுக்குப் பெங்களூர்தான் பக்கத்து ஊர். துணி வாங்க, டாக்டரைப் பார்க்க, சும்மா சுற்ற என்று எதற்கெடுத்தாலும் அங்கேதான் ஓடுவோம். விருதுநகர் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து பன்னிரண்டு வருடமாகிறது. இந்த மாவட்டத்தின் மாந்தோப்புப் பக்கம் நான் ஒருமுறைகூடப் போனதில்லை.

மல்லிகா நர்ஸ். ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடம் வேலை பார்த்துக்கொண்டே அரசு வேலைக்குக் காத்திருந்தாள். ஆணை வந்து பதினைந்து நாளாகியும், பழைய இடத்தில் நேற்றுச் சாயங்காலம்தான் விடுவித்தார்கள். சேருவதற்கு இன்றே கடைசி நாள். அங்கிருக்கும் டாக்டர் ஒரு மணிக்குக் கிருஷ்ணகிரிக்குக் கூட்டத்துக்குப் போய்விடுவாராம். அதற்குள் வந்து கையெழுத்துப் போட்டுவிடும்படி போனில் சொல்லியிருந்தார். தவறினால் ஆணை போனதுதான். பிறகு விண்ணப்பம் எழுதி, மேலிடத்தில் நின்று, மறுபடியும் காத்திருக்க வேண்டும். டாஷ்போர்டு கடிகாரத்தை அவள் பார்த்துக்கொண்டே வந்தாள்.

நான் சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதகன். மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் எடுத்துச் சிவப்பு டப்பாவில் போடுகிறவன். என்னுடைய காரின் முன் டயர்கள் இரண்டும் மொட்டையாகப் போனது எனக்குத் தெரியாமல் இல்லை. அடுத்த சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன்.

7.50. சூளகிரி தாண்டி இரண்டு கிலோமீட்டர். முன்னால் போன பழைய இரும்பு லாரியிலிருந்து விழுந்ததோ என்னவோ, சாலையில் கிடந்த ஒரு தகட்டுத் துண்டு இடது முன் டயரைப் பக்கவாட்டில் கிழித்துவிட்டது. பஞ்சர் என்றால் ஒட்டலாம். பக்கவாட்டில் ஒரு சாண் கிழிந்ததை எதைக் கொண்டு ஒட்டுவது? ஸ்டெப்னியை எடுக்க டிக்கியைக் காலி செய்ய வேண்டியிருந்தது. மல்லிகாவின் பாய், தலையணை, ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒற்றை மின்சார அடுப்பு, இரண்டு கிண்ணம், ஒரு தட்டு. பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு சின்னக் குடித்தனத்தையே வரிசையாக வைத்தேன். வேலை நாட்களில் அவள் அங்கேயே தங்கப் போகிறாள். சனிக்கிழமைதான் வருவாள்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. அளவில் சந்தேகம் வந்தால் ஓடித் தேய்ந்த பொருளை வைத்துப் பார்க்கமாட்டோம். ஒருமுறைகூட உபயோகிக்காத ஒரு மாதிரியை அலமாரியில் பூட்டி வைத்திருப்போம், மாஸ்டர் பீஸ் என்பது அதன் பெயர். அதைக் கொண்டுவந்து ஒப்பிடுவோம். கிழிந்த டயரில் எழுத்துகள் நார்நாராகத் தொங்கின. மற்ற மூன்றிலும் சேறு. ஸ்டெப்னியோ நான்கு வருடத்துக்கு முன் செகண்ட் ஹேண்டில் நான் கார் வாங்கிய நாளிலிருந்து தரையில் படாதது, எழுத்துகள் அச்சடித்த மாதிரி இருந்தன. 165/80 R14. மாஸ்டர் பீஸ் கையில் இருக்கும்போது சேற்றைத் துடைப்பானேன் என்று அதைக் குறித்துக்கொண்டேன்.

கைபேசியில் தேடிக் கிருஷ்ணகிரியில் ஒரு டயர் கடையைப் பிடித்தேன். கடைக்காரர் பெயர் முனிராஜு. டீ உறிஞ்சும் சத்தத்துடன் பேசினார். "அந்த சைஸ் ரெண்டு இருக்குது சார். ஒன்பதரைக்குக் கட தொறப்பேன், வாங்க."

8.15-க்கு மறுபடி கிளம்பினோம். வண்டி லேசாக இடதுபக்கம் இழுத்தது. லேசாகத்தான்.

8.40. குருபரப்பள்ளி. நெடுஞ்சாலையை விட்டு வேப்பனப்பள்ளிக்கு இடது பக்கம் திரும்ப வேண்டிய இடம் இது. நேரே போனால் பதின்மூன்று கிலோமீட்டரில் கிருஷ்ணகிரி. நான் இண்டிகேட்டர் போடவில்லை.

"என்னங்க, இங்கதான திரும்பணும்?"

"டயர மாத்திட்டுப் போயிருவோம். மொட்ட டயரும் ஸ்டெப்னியுமா கிராமத்து ரோட்டுல போறது சரிவராது. அர மணி நேரந்தான்."

"மொதல்ல சேந்துருதேன். டயர பெறகு மாத்துங்க."

"நடுவழியில இன்னொண்ணு போச்சுன்னா மாத்த ஏது?"

நியாயமான கேள்வி. பதினெட்டு கிலோமீட்டரை ஸ்டெப்னியில் மெதுவாக ஓட்டிக் கடக்கலாம் என்பதும் அதே அளவு நியாயம். அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். கூட்டுரோடு பின்னால் போனது. சுங்கச்சாவடி வரிசையில் லாரிகளுக்கு நடுவே நின்றபோது நான் ஸ்டீயரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே இருந்ததாக அவள் பிறகு சொன்னாள். எனக்கு ஞாபகமில்லை.

9.30-க்குக் கடை திறந்தது. முனிராஜுவுக்கு ஐம்பது வயதிருக்கும். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், பெங்களூர் மொத்த வியாபாரிகளிடம் கன்னடம் என்று மூன்றிலும் ஒரே வேகத்தில் பேசுகிற மனிதர். டிக்கியிலிருந்த கிழிந்த சக்கரத்தை உருட்டி எடுத்தார். எனக்காக எடுத்து வைத்திருந்த புது டயரை அதன்மேல் சாய்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், இது ஏறாதுங்க சார். நீங்க சொன்னது பதினாலு. உங்க ரிம்மு பதினஞ்சு."

"பாத்துத்தான் சொன்னேன்."

"எதப் பாத்து?"

"ஸ்டெப்னிய."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். என்னுடைய கௌரவத்தை உத்தேசித்துச் சிரிப்பை விழுங்கினார் என்று நினைக்கிறேன். "மேல் மாடல் வண்டிக்குப் பெரிய ரிம்மு போட்டுட்டு, ஸ்டெப்னி மட்டும் சின்னதுல குடுப்பாங்க சார். அவசரத்துக்கு ஓட்டறதுக்குத்தான அது. இங்க பாருங்க." டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார். இரண்டு அளவும் அதில் இருந்தன. நான்கு வருடமாக ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது நான் திறந்து மூடுகிற கதவு.

வலது முன் டயரின் சேற்றைத் துடைத்தேன். 185/65 R15. படிக்கிறவர்கள் யாரும் என்னைப்போல் நடுரோட்டில் நிற்க வேண்டாம் என்பதற்காகச் சொல்லிவிடுகிறேன். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கவாட்டு உயரம், அகலத்தில் நூற்றுக்கு அறுபத்தைந்து பங்கு. R என்பது உள்ளே நூல் பின்னியிருக்கும் விதம். 15 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். ரிம்மின் அளவோடு பக்கவாட்டு உயரத்தை மேலும் கீழுமாக இரண்டு தடவை கூட்டினால் டயரின் முழு உயரம் சுமார் 622 மில்லிமீட்டர் வருகிறது. ஸ்டெப்னிக்குக் கூட்டிப் பார்த்தேன், 620. இரண்டே இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அதனால்தான் கார் சாயவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. சாய்ந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன் என்று முனிராஜுவிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். மல்லிகா ஆட்டவில்லை.

"கம்பெனியிலயும் இப்படித்தான் பாப்பீங்களா?" என்று கேட்டாள்.

சரியான அளவில் முனிராஜுவிடம் ஒன்றுதான் இருந்தது. முன்பக்கம் இரண்டும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பு. 195/60 R15 ஒரு ஜோடி இருந்தது. "ஏறும் சார். கணக்குக்கும் கிட்டத்தட்ட வரும். ஆனா பழைய வண்டி, ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சா உள்ள ஒரசுதான்னு போட்டுப் பாத்துத்தான் சொல்ல முடியும்" என்றார். போட்டுப் பார்க்க நேரமில்லை. சரியான அளவில் இன்னொன்று இருக்கிறதா என்று கேட்க அவர் போனை எடுத்தார். ஒருவரிடம் தெலுங்கில் "ஒகடி உந்தா?" என்றார். இன்னொருவரிடம் கன்னடத்தில் "ஒந்து இதியா?" என்றார். மூன்றாவது போனில் ஒரு டயர் அகப்பட்டது. ஓசூரில். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் கடையில்.

"பஸ்ல போட்டு உடச் சொல்றேன் சார். ஒண்ணேகால், ஒன்றரை மணி நேரத்துல பஸ் ஸ்டேண்டுல வந்து எறங்கிடும்." இந்தப் பக்கம் உதிரிபாகம் அப்படித்தான் பயணம் செய்கிறது. கண்டக்டரிடம் கொடுத்து, பஸ் எண்ணைப் போனில் சொல்லிவிட்டால் போதும்.

மணி பத்து. மல்லிகா பின்சீட்டிலிருந்து சான்றிதழ் பையை எடுத்தாள். புடவை மடிப்பைச் சரிசெய்தாள்.

"எங்க?"

"வேப்பனப்பள்ளி பஸ் பத்து இருவதுக்காம். அண்ணாச்சிகிட்ட கேட்டேன்." முனிராஜுவைக் காட்டினாள். "நீங்க டயர் வாங்குங்க. நான் வேலைக்குப் போறேன்."

"நான் கொண்டுபோய் விடுறேம்னுதான..."

"பாய், வாளி எல்லாம் வண்டியிலதான் இருக்கு. அதக் கொண்டாங்க, போதும்."

ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். கோபமாகப் போயிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கணக்கு முடித்த ஆள்போலப் போனாள்.

அடுத்த ஒன்றே முக்கால் மணி நேரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நான் நிலைகொள்ளாமல் அலைந்தேன் என்பதைத் தவிர. கிருஷ்ணகிரி பஸ் நிலையத்துக்கு இரண்டு தடவை போய் வந்தேன். வேப்பனப்பள்ளி பஸ் நேரத்துக்குக் கிளம்பியதா என்று நேரக்காப்பாளரிடம் இரண்டு தடவையும் கேட்டேன். கிளம்பியது என்று இரண்டு தடவையும் சொன்னார். மல்லிகாவின் போன் மணியடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பஸ் நடுவில் நின்றிருக்குமோ, டாக்டர் முன்கூட்டியே கிளம்பியிருப்பாரோ என்று என்னென்னவோ ஓடியது. ஒன்பது வருடம் அவள் காத்திருந்ததை என் இரண்டு மில்லிமீட்டர் கெடுத்துவிட்டால், ஆயுசுக்கும் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? முனிராஜு வாங்கிக் கொடுத்த டீ ஆறிப்போயிற்று.

அவர் இதற்கிடையே என் ஸ்டெப்னியின் ஓரத்தை நகத்தால் கீறிக் காட்டினார். மெல்லிய வெடிப்புகள். "ஓடலைன்னாலும் வயசாகுமில்ல சார். பதினோரு வருசம் ஆவுது. இதையும் சீக்கிரம் மாத்திருங்க."

11.45-க்கு ஓசூர் பஸ் வந்தது. கடைசி சீட்டுக்கு அடியிலிருந்து டயரைக் கண்டக்டர் உருட்டிவிட்டார். பேலன்ஸிங், அலைன்மென்ட் உட்பட இரண்டு டயருக்கும் பதினோராயிரத்து நானூறு ரூபாய். 12.20-க்குக் கிளம்பினேன். வந்த வழியே திரும்பிப் போய், இந்தத் தடவை குருபரப்பள்ளியில் இண்டிகேட்டர் போட்டுத் திரும்பினேன். அங்கிருந்து சாலை குறுகலானது. இருபக்கமும் மாமரங்கள், கடைப் பலகைகளில் தமிழுக்குக் கீழே தெலுங்கு. அழகான வழி என்றுதான் நினைக்கிறேன். எனக்கு எதுவும் கண்ணில் நிற்கவில்லை.

1.10. சுகாதார நிலையத்து வாசலில் டாக்டரின் வண்டி இல்லை. உள்ளே ஒரே அழுகுரல். புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். பெஞ்சு நிறையத் தாய்மார்கள். நடுவில் மல்லிகா, கையில் ஊசி, ஒரு குழந்தையின் தொடையைப் பிடித்தபடி, அதன் அம்மாவிடம் அரைகுறைத் தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள்.

"செத்த வெளிய உக்காருங்க. இன்னும் ஆறு பேரு இருக்காங்க."

பாயையும் வாளியையும் அடுப்பையும் பின்பக்கத்து அறையில் கொண்டுபோய் வைத்தேன். ஒரு கட்டில், ஒரு ஜன்னல். ஒரு ஆளுக்குத் தாராளமாகப் போதும்.

அரை மணி கழித்து வந்தாள். "பதினொண்ணு நாப்பதுக்குக் கையெழுத்து போட்டாச்சு. முற்பகலே சேந்துட்டதா டாக்டரே எழுதிட்டாரு."

"போன எடுத்திருக்கலாம்ல?"

"வந்ததும் ஊசியக் கையில குடுத்துட்டாங்க." புடவை முந்தியால் முகத்தைத் துடைத்தாள். "ஒண்ணு கேக்கட்டா? அங்க திரும்பியிருந்தா ஒன்பதரைக்கே வந்திருப்போம். வண்டி நல்லாத்தான் ஓடுச்சு. ஏன் திரும்பல?"

டயர் என்று சொல்ல வாயெடுத்தேன். அவளிடம் அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை.

"கொண்டாந்து விட்டுட்டா நீ இங்க இருந்துருவ. நான் தனியா திரும்பணும்."

அவள் என்னையே பார்த்தாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், பன்னிரண்டு வருடமாக.

"அத வீட்டுலயே சொல்லியிருக்கலாம்ல" என்றாள். குரலில் கோபம் இல்லை. "சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன். ஆனா ரெண்டு பேரும் சேந்து வந்திருக்கலாம்." உள்ளே இன்னொரு குழந்தை வீறிட்டது. என் சட்டைக் கையில் ஒட்டியிருந்த டயர் கரியைத் தட்டிவிட்டாள். "சனிக்கிழம சாயங்காலம் கூட்டிட்டுப் போக வாங்க. இப்ப சாப்பிட்டுட்டுப் போங்க, ரோட்டுமேலயே ஒரு கட இருக்காம்."

2.15-க்குக் கிளம்பினேன். ஊரைப் பற்றி நாலு வரி சொல்லாமல் பயணக் கட்டுரையை முடிக்கக்கூடாது என்பார்கள். ஓசூரில் எல்லோரும் எங்கிருந்தோ வந்தவர்கள், எல்லோருக்கும் ஷிப்டு, எவரும் எவரையும் வழியனுப்புவதில்லை. அந்தக் கிராமத்தில், மூன்று மணி நேரத்துக்கு முன் வந்திறங்கிய என் மனைவியை, பெயர் சொல்லி ஒரு பெண் கூப்பிட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. இரண்டையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

நெடுஞ்சாலை ஏறியதும் வேகம் எடுத்தேன். சூளகிரி வந்தது, போனது. புது டயர்கள் சத்தமே போடவில்லை. ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துப் பார்த்தேன், கார் நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. வீடு வரைக்கும் எங்காவது நிறுத்துவதற்கு ஒரு காரணம் கிடைக்குமா என்று பார்த்தேன், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.